இருப்புப்பாதை வந்த பின் திண்டுக்கல் விவசாயியின் சந்தை

திண்டுக்கல்லுக்கு ரயில் வந்தது 1875-ஆம் ஆண்டில். திருச்சிராப்பள்ளியிலிருந்து மணப்பாறை, வடமதுரை வழியாக வந்த பாதை, திண்டுக்கல்லைத் தொட்டு, சிறுமலைக்கும் பழநி மலைக்கும் இடைப்பட்ட கணவாய் வழியே மதுரைக்கு இறங்கியது. அடுத்த ஆண்டின் தொடக்கத்திலேயே அது தூத்துக்குடித் துறைமுகத்தை எட்டிவிட்டது. வானம் பார்த்த பூமியும் கிணற்றுப் பாசனமும் கலந்த இந்தச் சமவெளியின் விளைபொருள், அதன் பிறகு எந்த ஊர்ச் சந்தைக்கும், கடல் கடந்த நாட்டுக்கும் போகத் தொடங்கியது.

பாதை வந்ததால் விவசாயிக்கு என்ன கிடைத்தது? எது கிடைக்கவில்லை? ஏன் கிடைக்கவில்லை? பழைய கதைதானே என்று இதைத் தள்ளிவிட முடியாது. நான்கு வழிச் சாலையும் லாரியும் கைபேசியும் வந்துவிட்ட இக்காலத்திலும், தக்காளி விலை விழுந்து பறிகூலிக்கும் கட்டாமல் போகும்போது எழுவது அதே கேள்விதான்.

வண்டிப் பாதைக் காலம்

ரயிலுக்கு முன்பு இப்பகுதியில் சரக்கு போனது பார வண்டியிலும் பொதி மாட்டிலும்தான். ஒரு ஜோடி மாடு பூட்டிய வண்டி, நல்ல பாதையில் சுமார் பத்துக் குவிண்டால் பாரத்தை ஏற்றிக்கொண்டு ஒரு நாளைக்கு 25 கிலோமீட்டர் போகும் என்று வைத்துக்கொள்வோம். திண்டுக்கல்லிலிருந்து தூத்துக்குடி சுமார் 220 கிலோமீட்டர். போக ஒன்பது நாள், திரும்ப ஒன்பது நாள். பதினெட்டு நாளும் மாட்டுக்குத் தீவனம் வேண்டும், வண்டிக்காரருக்குச் சாப்பாடு வேண்டும். மழைக் காலத்தில் ஓடைகளில் வெள்ளம் வந்தால் கரையில் காத்துக் கிடக்க வேண்டும். செம்மண் பாதையில் சக்கரம் புதைந்தால் பாதிப் பாரத்தை இறக்க வேண்டும்.

இந்தச் செலவைத் தாங்கக்கூடிய சரக்கு எது? எடைக்கு எடை விலை மதிப்பு அதிகமுள்ள சரக்கு மட்டுமே. பஞ்சு தாங்கும், பதப்படுத்திய புகையிலை தாங்கும், நெய், மிளகாய், துணி தாங்கும். கம்பு, சோளம், வரகு, சாமை ஆகியவை தாங்கா. பத்துக் குவிண்டால் கம்பின் விலையில் பெரும் பகுதியை வண்டிச் செலவே விழுங்கிவிடும். ஆகவே தானியம் விளைந்த இடத்தைச் சுற்றியே நின்றது. நல்ல மழை பெய்த ஆண்டில் குதிர் நிறைந்து வழியும், விலை கிடுகிடுவென இறங்கும். மழை பொய்த்த ஆண்டில் பத்துக் காதத்துக்கு அப்பால் தானியம் இருந்தாலும் வந்து சேராது. விளைந்தாலும் கஷ்டம், விளையாவிட்டாலும் கஷ்டம் என்ற நிலை இதனால் ஏற்பட்டதுதான்.

இந்த நிலையில் விவசாயி தன் வீட்டுக்குத் தேவையானதை முதலில் விதைத்தார். விற்பனைக்கு என்று விதைத்தது கிஸ்தி கட்டும் அளவுக்கு மட்டுமே. அமெரிக்க உள்நாட்டுப் போர் நடந்த 1861 முதல் 1865 வரையிலான ஆண்டுகளில் இங்கிலாந்து ஆலைகளுக்கு அமெரிக்கப் பஞ்சு நின்றுபோய், இந்தியப் பஞ்சுக்கு அதுவரை காணாத விலை கிடைத்தது. தென் மாவட்டங்களின் பஞ்சு அப்போது பெரும்பாலும் வண்டியில்தான் துறைமுகம் போயிற்று. ரயில் வந்து சேர்ந்தபோது அந்த விலையேற்றம் முடிந்து பத்தாண்டு ஆகியிருந்தது.

ரயில் செய்த மாற்றம்

ரயில் வந்ததும் ஒன்பது நாள் பயணம் ஓரிரு நாளாகச் சுருங்கியது. ஆனால் வண்டி மாடு மறைந்துவிடவில்லை. அதற்கு முன்னிலும் அதிக வேலை வந்தது. துறைமுகத்துக்குப் போன வண்டி, ஸ்டேஷனுக்குப் போகும் வண்டியாக மாறியது. வேடசந்தூர், நத்தம் பகுதிச் சரக்கு திண்டுக்கல்லுக்கு வந்தது. நிலக்கோட்டை, வத்தலக்குண்டு பகுதிச் சரக்கும், பழநி மலையின் கீழ்ச்சரிவில் விளைந்த காப்பியும் வாழையும் அம்மையநாயக்கனூர் ஸ்டேஷனுக்கு இறங்கின. இன்று கொடைக்கானல் ரோடு என்று அழைக்கப்படும் ஸ்டேஷன் அதுதான். சிறுமலையில் குதிரை முதுகில் ஏற்றப்பட்ட வாழைத்தாரும் அடிவாரத்துக்கு இறங்கித் திண்டுக்கல் சந்தையைச் சேர்ந்தது.

ஸ்டேஷனுக்கு ஒரு நாள் வண்டித் தூரத்தில் இருந்த கிராமத்துக்கும், மூன்று நாள் தூரத்தில் இருந்த கிராமத்துக்கும் வேறுபாடு தோன்றியது. அருகில் இருந்த நிலத்தில் விற்பனைப் பயிர் வேகமாகப் பரவியது. கிணறு வெட்டப் பணம் போடத் துணிவு வந்தது. தொலைவில் இருந்த கிராமம் பழைய பயிரோடு நின்றது. ஆகவே பிரதான பாதை எவ்வளவு முக்கியமோ, அதைத் தொடும் கிளைச் சாலையும் அவ்வளவு முக்கியம். இது இன்றைக்கும் பொருந்தும். நான்கு வழிச் சாலை ஊருக்குப் பக்கத்தில் போனால் மட்டும் போதாது. தோட்டத்திலிருந்து அதை அடையும் வண்டிப்பாதை மழையில் சேறானால், பறித்த காய் அன்று சந்தை சேராது.

திண்டுக்கல் புகையிலை

ரயிலால் பேர் பெற்ற விளைபொருள்களுள் திண்டுக்கல் புகையிலை முக்கியமானது. திண்டுக்கல், வேடசந்தூர் வட்டாரத்துக் கிணற்றுப் பாசன நிலங்களில் விளைந்த இலை, சுருட்டுக்கும் மெல்லுவதற்கும் ஏற்றதாக இருந்தது. சற்று உவர்ப்பான கிணற்று நீரையும் இப்பயிர் தாங்கியது, விவசாயிகளுக்குக் கூடுதல் வசதி. ‘திருச்சிராப்பள்ளிச் சுருட்டு’ என்று வெளிநாடுகளில் பேசப்பட்ட சரக்கில் திண்டுக்கல் பகுதி இலைக்குப் பெரும் பங்கு உண்டு. 19-ஆம் நூற்றாண்டின் இறுதிக்குள் ஸ்பென்சர் கம்பெனியின் சுருட்டுத் தொழிற்சாலை திண்டுக்கல்லிலேயே நடந்துவந்தது. பிற்காலத்தில், 1948-இல், வேடசந்தூரில் புகையிலை ஆராய்ச்சி நிலையம் அமைந்ததற்கும் இந்தச் சாகுபடியே காரணம்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. விளைந்த இலை ‘திண்டுக்கல்’ என்ற பெயரோடு போகவில்லை, திருச்சியின் பெயரோடு போயிற்று. பெயர் யாருடையதோ, விலையில் பெரும் பங்கும் அங்கேயே நின்றது. புகையிலையால் விளையும் உடல்நலக் கேடு இன்று நன்றாகத் தெரிந்திருப்பதால் அப்பயிரை இங்கே பரிந்துரைக்க வேண்டியதில்லை. ஆனால் பெயரைப் பற்றிய பாடம் எல்லாப் பயிருக்கும் உரியது. சிறுமலை, விருப்பாட்சி மலை வாழைக்கும், பின்னர் 2019-இல் கொடைக்கானல் மலைப்பூண்டுக்கும் புவிசார் குறியீடு கிடைத்திருப்பது இவ்வகையில் பயனுள்ளது. பெயர் ஊரோடு ஒட்டிக்கொண்டால், விலையும் ஊருக்குத் திரும்ப வழி உண்டு.

பஞ்சம் காட்டிய உண்மை

ரயில் வந்த மறு ஆண்டே மழை பொய்த்தது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய பெரும் பஞ்சத்தில் பல லட்சம் மக்கள் மாண்டனர். துறைமுகங்களில் இறங்கிய தானியத்தை ரயில் உள்நாட்டுக்குச் சுமந்தது. பாதை இல்லாத ஊர்களை விடப் பாதை உள்ள ஊர்களுக்குத் தானியம் விரைவாக வந்தது உண்மை. பின்னர் அமைந்த 1880-ஆம் ஆண்டுப் பஞ்சக் கமிஷன் இன்னும் பல இடங்களுக்கு இருப்புப்பாதை வேண்டும் என்று சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆயினும் மக்கள் ஏன் மாண்டனர்? ரயில் தானியத்தைக் கொண்டுவந்தது. வாங்குவதற்குக் காசைக் கொண்டுவரவில்லை. பயிர் கருகிய விவசாயிக்கு வருமானம் இல்லை. வேலை இல்லாத கூலியாளுக்குக் கூலி இல்லை. விலையோ எட்டாத உயரத்தில் இருந்தது. மேலும், ஓரளவு விளைந்த ஊரிலிருந்தும் அதிக விலை கிடைக்கும் இடத்துக்குத் தானியம் வெளியேறியதால், அங்கும் விலை ஏறியது. பாதை இணைத்த ஊர்களின் விலைகள் ஒன்றையொன்று பார்த்து ஏறி இறங்கத் தொடங்கின.

சந்தை விரிவடையும்போது இதுதான் நடக்கும். தாழ்ந்த விலை சற்று உயரும், உயர்ந்த விலை சற்றுத் தாழும். விற்பவருக்கு அது நல்லது. ஆனால் விதைப்புக்குப் பின் சாப்பாட்டுத் தானியத்தைக் கடையில் வாங்கும் சிறு விவசாயி, விற்பவராகவும் வாங்குபவராகவும் இருக்கிறார். அறுவடையில் மலிவாக விற்று, ஆறு மாதம் கழித்து அதே தானியத்தை ஏறிய விலைக்கு வாங்கினால், ரயிலால் அவருக்கு ஆதாயம் இல்லை.

ஆதாயம் யார் கையில் நின்றது

ரயில் பாதையோடு தந்திக் கம்பியும் வந்தது. தூத்துக்குடியில் பஞ்சு என்ன விலை, சென்னையில் கடலை என்ன விலை என்பது அன்றன்றே திண்டுக்கல் வியாபாரிக்குத் தெரிந்தது. கிராமத்து விவசாயிக்கு அது தெரியவில்லை. அவருக்குத் தெரிந்தது, வீடு தேடி வந்த தரகர் சொன்ன விலை மட்டும்தான்.

இரண்டாவது காரணம் கிஸ்தி. நிலவரியைக் குறித்த தவணையில் ரொக்கமாகக் கட்ட வேண்டும். அத்தவணை அறுவடையை ஒட்டியே வந்தது. எல்லா விவசாயிகளும் ஒரே மாதத்தில் விற்க நேர்ந்ததால் விலை இறங்கியது. மூன்றாவது காரணம் முன்கடன். விதைக்கும் சாப்பாட்டுக்கும் கடன் கொடுத்தவரிடமே விளைச்சலைக் கொடுக்க வேண்டியிருந்தது. நான்காவது, எடையும் அளவும். ஊருக்கு ஒரு படி, மண்டிக்கு ஒரு மணங்கு என்று இருந்த காலத்தில், ‘கழிவு’, ‘மகிமை’, ‘சாம்பிள்’ என்று பல பெயரில் சரக்குக் குறைந்தது.

ஐந்தாவது காரணம் ரயில் கட்டணமே. துறைமுகத்துக்குப் போகும் மூலப்பொருளுக்கும், துறைமுகத்திலிருந்து வரும் அயல்நாட்டுச் சரக்குக்கும் கட்டணம் குறைவாகவும், உள்நாட்டில் ஓர் ஊரிலிருந்து மற்றோர் ஊருக்குப் போகும் சரக்குக்கு அதிகமாகவும் அக்கால ரயில் கம்பெனிகள் வைத்திருந்தன. 1916 முதல் 1918 வரை விசாரணை நடத்திய இந்தியத் தொழில் கமிஷனும் இந்தக் குறையைச் சுட்டிக்காட்டியது. பஞ்சைக் கப்பலேற்றுவது எளிதாகவும், உள்ளூரில் அதை நூலாக்கி விற்பது கடினமாகவும் இருந்த காலம் அது. இருந்தும் 1892-இல் மதுரையில் ஹார்வி சகோதரர்களின் நூற்பாலை எழுந்ததும், தென் மாவட்டங்களின் பஞ்சுக்கு உள்ளூரிலேயே ஒரு பெரிய வாங்குபவர் கிடைத்தார். பக்கத்தில் ஆலை இருந்தால் விவசாயிக்குப் பேரம் பேச ஓர் இடம் கூடுகிறது.

அமெரிக்க விவசாயிகள் செய்தது

இதே காலத்தில் அமெரிக்காவின் புல்வெளிப் பகுதிகளில் குடியேறிய விவசாயிகளுக்கும் ரயில்தான் வாழ்வு கொடுத்தது. இல்லினாய், அயோவா, மின்னசோட்டா முதலிய மாநிலங்களில் ரயில் போகும் இடமெல்லாம் கோதுமை பரவியது. கோதுமை எல்லாம் சிகாகோ நகரத்தை நோக்கி ஓடியது. அங்கே 1848-இல் வணிகச் சபை அமைந்து, 1850-களில் கோதுமைக்குத் தரம் வகுத்தது. அதற்கு முன் ஒவ்வொரு விவசாயியின் மூட்டையும் தனித்தனியே பார்த்து விலை பேசினார்கள். தரம் வகுத்த பின், ஒரே தரத்துக் கோதுமையை ஒன்றாகக் கொட்டி, பெரிய தானியக் கிடங்குகளில் சேர்த்து, ஆயிரம் மைலுக்கு அப்பால் இருப்பவருக்கும் பார்க்காமலே விற்க முடிந்தது.

அங்கும் குறைகள் எழுந்தன. போட்டி இல்லாத ஊரில் ரயில் கம்பெனி கட்டணத்தை ஏற்றியது. குறைந்த தூரத்துக்கு அதிகக் கட்டணமும் நீண்ட தூரத்துக்குக் குறைந்த கட்டணமும் வாங்கியது. கிடங்குக்காரர் நல்ல தானியத்தைத் தாழ்ந்த தரம் என்று எழுதினார், எடையும் குறைத்தார் என்று விவசாயிகள் புகார் கூறினர். அவர்கள் செய்தது என்ன? 1867-இல் ‘கிரேஞ்ச்’ என்ற பெயரில் ஊர்தோறும் சங்கம் அமைக்கத் தொடங்கினார்கள். சேர்ந்து வாங்கினார்கள், சேர்ந்து விற்றார்கள், சட்டசபைகளை வற்புறுத்தினார்கள். 1870-களில் பல மாநிலங்களில் கட்டணத்தைக் கட்டுப்படுத்தும் சட்டங்கள் வந்தன. 1877-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தானியக் கிடங்குக் கட்டணத்தை அரசு கட்டுப்படுத்தலாம் என்று தீர்ப்பளித்தது. 1887-இல் ரயில் கட்டணங்களைக் கண்காணிக்க மத்தியச் சட்டமே இயற்றப்பட்டது. ரயில் தானாக அவர்களுக்கு நியாயம் செய்யவில்லை. சங்கம் கட்டிய பிறகே நியாயம் கிடைத்தது.

நம் நாட்டிலும் இதே தேவை உணரப்பட்டது. 1928-இல் அறிக்கை தந்த அரசு விவசாயக் கமிஷன் ஒழுங்குமுறைச் சந்தைகள் வேண்டும் என்றது. 1933-இல் சென்னை மாகாணத்தில் வணிகப் பயிர்ச் சந்தைச் சட்டம் வந்தது. 1936-இல் திருப்பூரில் பருத்திக்கு முதல் ஒழுங்குமுறை விற்பனைக்கூடம் திறக்கப்பட்டது. 1937-இல் தர நிர்ணயத்துக்காக ‘அக்மார்க்’ சட்டம் ஏற்பட்டது. ரயில் வந்து அறுபது ஆண்டு கழித்தே நியாயமான தராசு வந்தது என்பதை மறக்கக்கூடாது.

மேற்குப் பாதை

திண்டுக்கல்லுக்கு மேற்கே ஒட்டன்சத்திரம், பழநி, உடுமலைப்பேட்டை வழியாகப் பொள்ளாச்சி வரை மீட்டர் கேஜ் பாதை 1928 நவம்பரில் திறக்கப்பட்டது. பொள்ளாச்சியிலிருந்து போத்தனூருக்கு 1915-லேயே பாதை இருந்தது. 1932-இல் பாலக்காட்டுக்கும் பாதை நீண்டது. இதனால் ஒட்டன்சத்திரம், பழநிப் பகுதிகளின் விளைபொருள் கோயமுத்தூரையும் மலையாள நாட்டையும் ரயிலிலேயே அடையும் வழி ஏற்பட்டது.

ஆனால் பாதை திறந்த அடுத்த ஆண்டே, 1929-இல், உலகப் பொருளாதார வீழ்ச்சி தொடங்கியது. பஞ்சு, கடலை, தானியம் எல்லாவற்றின் விலையும் சில ஆண்டுகளில் ஏறத்தாழப் பாதியாகச் சரிந்தது. கிஸ்தியும் கடன் வட்டியும் சரியவில்லை. உலகச் சந்தையோடு இணைந்த விவசாயி, உலகச் சந்தையின் நோயையும் சேர்த்தே வாங்கிக்கொண்டார். பர்மா அரிசி கப்பல் கப்பலாக வந்து இறங்கியதும் இதே காலத்தில்தான். 1942-இல் பர்மா ஜப்பானியர் கைக்குப் போனதும் அந்த அரிசி அடியோடு நின்று, தட்டுப்பாடு வந்தது.

ஒரே வழியை நம்பினால் வரும் ஆபத்துக்கும் சான்றுகள் உண்டு. மதுரையிலிருந்து போடிநாயக்கனூருக்கு 1928-இல் போடப்பட்ட பாதை, இரண்டாம் உலகப் போரின்போது 1942-இல் பெயர்த்தெடுக்கப்பட்டு, 1950-களில்தான் மீண்டும் போடப்பட்டது. அகலப் பாதையாக்குவதற்காக 2010 இறுதியில் மறுபடி மூடப்பட்டு, 2022-இல் தேனி வரையிலும் 2023-இல் போடி வரையிலும் ரயில் திரும்ப ஓடத் தொடங்கியது. 1914-இல் பாம்பன் பாலம் திறந்த பின், தனுஷ்கோடி வழியாக இலங்கைக்கு ரயிலும் கப்பலும் இணைந்த வழி இருந்தது. 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்ததும் அந்த வழியும் போயிற்று. ஒரு பாதை, ஒரு வாங்குபவர், ஒரு பயிர் என்று நிற்பவருக்கு, அது மூடும் நாளில் போக்கிடம் இருக்காது.

ரயிலை விட்டு லாரிக்கு

இன்று ஒட்டன்சத்திரம் தமிழ்நாட்டின் பெரிய காய்கறிச் சந்தைகளுள் ஒன்று. கேரளத்துக்கு அன்றாடம் காய்கறி போகிறது. முருங்கைக்காய் வட மாநிலங்களுக்கும் போகிறது. அய்யலூரில் தக்காளிச் சந்தை, நிலக்கோட்டையில் பூச்சந்தை, திண்டுக்கல்லில் சின்ன வெங்காயச் சந்தை என்று ஒவ்வோர் ஊரும் ஒரு சரக்குக்குப் பேர் பெற்றிருக்கிறது. ஒட்டன்சத்திரத்திலும் அய்யலூரிலும் ரயில் ஸ்டேஷன் உண்டு. ஆனால் சரக்கெல்லாம் லாரியில்தான் ஏறுகிறது. ஏன்?

முதலாவது, மீட்டர் கேஜ் காலத்தில் போத்தனூர் போன்ற சந்திப்புகளில் சரக்கை இறக்கி அகலப் பாதை வண்டியில் மாற்றி ஏற்ற வேண்டியிருந்தது. தக்காளியும் வாழையும் அந்தக் கைமாற்றத்தைத் தாங்கா. பாதைகள் அகலமாக்கப்படுவதற்குள் லாரி வந்து அந்த வியாபாரத்தைப் பிடித்துக்கொண்டது. இரண்டாவது, ரயில்வே 1980-களிலிருந்து ஒன்றிரண்டு வேகன் சரக்கை விட்டு, முழு கூட்ஸ் வண்டிச் சரக்குக்கு முதலிடம் கொடுத்தது. ஒரு முழு கூட்ஸ் வண்டியில் நாற்பதுக்கு மேற்பட்ட வேகன்களில் சுமார் 2,500 டன் ஏறும். நிலக்கரிக்கும் உரத்துக்கும் சிமெண்டுக்கும் அரிசிக்கும் அது ஏற்றது. இரண்டு டன் கத்தரிக்காய் வைத்திருப்பவருக்கு ஏற்றதல்ல. மூன்றாவது, லாரி மண்டி வாசலில் ஏற்றி மண்டி வாசலில் இறக்கும். இரவு ஏற்றிய சரக்கு விடியலில் சந்தையில் இருக்கும்.

காய்கறி, பழங்களுக்கென்று தனி ரயில் விடும் முயற்சியும் நடந்தது. 2020 ஆகஸ்ட் 7-ஆம் தேதி மகாராஷ்டிரத்தின் தேவ்லாலியிலிருந்து பீகாரின் தானாபூருக்கு முதல் ‘கிசான் ரயில்’ புறப்பட்டது. வழியில் பல ஸ்டேஷன்களில் சிறு அளவுச் சரக்கையும் அது ஏற்றியது. காய்கறி, பழங்களுக்குக் கட்டணத்தில் பாதி மானியமாகவும் கொடுக்கப்பட்டது. சிறு சரக்கைப் பலரிடமிருந்து சேர்த்தால்தான் ரயில் பயன்படும் என்பதை இம்முயற்சியும் காட்டியது.

போக்குவரத்துக் கணக்கு

தூரச் சந்தைக்கு அனுப்பும் விவசாயி, அங்குள்ள விலையை மட்டும் பார்த்து முடிவு செய்யக்கூடாது. ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். இது விளக்கத்துக்காகப் போட்ட கணக்கு. அவரவர் தம் ஊர்ச் செலவை வைத்துப் போட்டுப் பார்க்கலாம்.

தூரச் சந்தையில் தக்காளி கிலோ 30 ரூபாய். ஒருவர் 100 கிலோ அனுப்புகிறார். வழியில் நசுங்கியும் அழுகியும் 15 கிலோ போய்விடுகிறது. மீதி 85 கிலோவுக்கு 2,550 ரூபாய். இதில் லாரி வாடகை 300 ரூபாய். பெட்டி, ஏற்று இறக்குக் கூலி 150 ரூபாய். கமிஷன் பத்து சதவீதம் என்றால் 255 ரூபாய். ஆக 705 ரூபாய் போக, கைக்கு வருவது 1,845 ரூபாய். அதாவது கிலோவுக்கு 18 ரூபாய் 45 காசு. உள்ளூர்ச் சந்தையில் செலவு போக 19 ரூபாய் நிற்குமானால், தூரச் சந்தைக்கு அனுப்பியது நஷ்டமே.

இப்போது வாடகை பாதியாகக் குறைந்ததாக வைத்துக்கொண்டால், மிச்சம் 150 ரூபாய். அதற்குப் பதிலாக, பதமாகப் பறித்து, தரம் பிரித்து, பிளாஸ்டிக் கிரேட்டில் அடுக்கி, கழிவை 15 கிலோவிலிருந்து 5 கிலோவாகக் குறைத்தால்? 95 கிலோவுக்கு 2,850 ரூபாய். கமிஷன் 285 ரூபாய். வாடகையும் கூலியும் முன்போலவே 450 ரூபாய். கைக்கு வருவது 2,115 ரூபாய். மிச்சம் 270 ரூபாய். வாடகையைப் பாதியாக்குவதை விட, கழிவைக் குறைப்பதில் ஆதாயம் அதிகம். வாடகை விவசாயி கையில் இல்லை. பறிப்பும் தரம் பிரிப்பும் அவர் கையில் இருக்கின்றன.

பாதை இரு பக்கமும் ஓடும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். திண்டுக்கல் தக்காளி கேரளத்துக்குப் போகும் அதே சாலை வசதியால், கர்நாடகத்தின் கோலார் தக்காளியும் ஆந்திரத்தின் மதனப்பள்ளி தக்காளியும் அதே சந்தைக்கு வருகின்றன. உள்ளூரில் வரத்துக் குறைவாக இருக்கும்போதும் விலை ஏறாமல் போவதற்கு இதுவே காரணம். ஆகவே உள்ளூர் விளைச்சலை மட்டும் பார்த்துப் பயிரிடுவது இக்காலத்தில் போதாது.

விவசாயிகள் கடைப்பிடிக்கத் தக்கவை

1. தூரத்துக்கு ஏற்பப் பறிக்க வேண்டும். தக்காளியைத் தூரச் சந்தைக்கு நிறம் மாறத் தொடங்கும் பருவத்திலும், பக்கத்துச் சந்தைக்கு நன்கு சிவந்த பின்னும் பறிக்கலாம். வெயில் ஏறுவதற்கு முன் பறித்து நிழலில் வைக்க வேண்டும். வாழைத்தாரையும் தூரச் சந்தைக்கு முழுமுற்றலுக்குச் சற்று முன்பே வெட்ட வேண்டும்.

2. தரம் பிரித்தே ஏற்ற வேண்டும். நல்ல காயோடு சொத்தைக் காயைக் கலந்தால் மொத்தச் சரக்கும் சொத்தையின் விலைக்குத்தான் போகும்.

3. சேமிக்கக்கூடிய சரக்கை அறுவடை நெருக்கடியில் விற்க வேண்டியதில்லை. சின்ன வெங்காயத்தைத் தாள் நன்கு உலர்ந்த பின், தரையிலிருந்து உயர்த்தி, காற்றோட்டமாக அமைத்த பட்டறையில் வைக்கலாம். நிலக்கடலை, மக்காச்சோளம், மிளகாய் ஆகியவற்றைச் சரியான ஈரப்பதத்துக்கு உலர்த்தி வைக்கலாம். ஒழுங்குமுறை விற்பனைக்கூடக் கிடங்கில் சரக்கை வைத்து அதன் மதிப்பில் ஒரு பகுதியைப் பொருளீட்டுக் கடனாகப் பெறும் வசதியும் உண்டு. கிஸ்திக்காக அவசரமாக விற்ற அக்கால விவசாயிக்கு இந்த வசதி இருக்கவில்லை.

4. எடையைக் கண்முன் போட வைக்க வேண்டும். பெட்டிக் கணக்கில் விற்பவர்கள் ஒரு பெட்டிக்கு எத்தனை கிலோ என்பதை முன்னதாகவே பேசிக்கொள்ள வேண்டும். ஒழுங்குமுறை விற்பனைக்கூடங்களில் விவசாயியிடம் கமிஷன் பிடிப்பதில்லை என்பதையும், சந்தைக் கட்டணம் வாங்குபவரைச் சேர்ந்தது என்பதையும் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

5. முதல் நாளே குறைந்தது மூன்று சந்தைகளின் விலையைக் கேட்டறிய வேண்டும். அன்று தந்தி வியாபாரியிடம் மட்டும் இருந்தது. இன்று கைபேசி விவசாயியிடமும் இருக்கிறது. ஆனால் சந்தை விலையைக் கேட்டவுடன் அதிலிருந்து வாடகை, கூலி, கமிஷன், கழிவு நான்கையும் கழித்துப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

6. சேர்ந்து அனுப்ப வேண்டும். ஒருவரிடம் இருப்பது பத்துப் பெட்டி. முப்பது பேர் சேர்ந்தால் ஒரு லாரி. லாரி நிறைந்தால் வாடகை குறையும், தரகரின் தேவையும் குறையும். பத்துப் பேர் சேர்ந்தாலே உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் ஒன்றைச் சட்டப்படி தொடங்க முடியும். கணக்கைத் திறந்து வைத்து நடத்தினால்தான் அது நிலைக்கும்.

7. முழு நிலத்தையும் ஒரே பயிருக்கு, ஒரே சந்தையை நம்பி விடக்கூடாது. கிணற்று நீருக்கு ஏற்பக் கொஞ்சம் காய்கறி, கொஞ்சம் தானியம் அல்லது பயறு, கால்நடைக்குத் தீவனம் என்று பிரித்துக்கொள்ளும் சிறு விவசாயி, ஒரு சரக்கின் விலை விழுந்த ஆண்டிலும் தாங்கி நிற்பார்.

1875-இல் வந்த பாதை சரக்கைச் சந்தைக்குக் கொண்டுபோயிற்று. அந்தச் சரக்கு எந்தப் பதத்தில், எந்த எடையில், எந்த மாதத்தில், யாரோடு சேர்ந்து ஏறுகிறது என்பதைப் பாதை தீர்மானிக்கவில்லை. அதை விவசாயிதான் தீர்மானிக்க வேண்டும். அடுத்த தக்காளிப் பறிப்பு வருமுன், பக்கத்துத் தோட்டக்காரர்கள் நாலைந்து பேர் உட்கார்ந்து மேலே சொன்ன கணக்கைத் தங்கள் ஊர் விலையில் போட்டுப் பார்ப்பது நல்ல தொடக்கமாக இருக்கும்.